அகதி விசா எந்தத் தூதரகத்திலும் கிடைக்காது: முகாமிலிருந்து கேட்ட தங்கைக்கு

களியக்காவிளைக்குப் பக்கத்திலுள்ள மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பெற்றோர் 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். இவர் 1997-ல் இங்கேயே பிறந்தவர். நர்சிங் படித்துவிட்டு, கேரள எல்லை தாண்டி பாறசாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். கூட வேலை பார்த்த மலையாளிப் பெண்கள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். டொரண்டோவில் தாய்மாமா இருக்கிறார். பெயின்ட் வேலைக்குப் போகும் தம்பி, கொல்லத்திலிருந்து படகில் கனடாவுக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்ன ஒருவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டான். அகதிகளுக்கென்று தனி விசா உண்டா, மாமா ஸ்பான்சர் செய்ய முடியுமா, தம்பியை என்ன செய்வது என்பவைதான் அவருடைய கேள்விகள்.

குழித்துறையில் வழக்கறிஞராக இருப்பதால் இந்தக் கேள்விகளோடு வருகிறவர்களை நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை.

தம்பியைப் படகில் ஏற விடாதீர்கள். 2019 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டம் முனம்பத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகு கிளம்பியது. இலங்கைத் தமிழர்களும் டெல்லியில் குடியிருந்த தமிழர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் ஏறினார்கள். நியூசிலாந்து பக்கம் போகிறது என்று பேச்சு. கரையில் அவர்கள் விட்டுப்போன பைகளைப் போலீஸ் கண்டெடுத்தது. உலர்ந்த உணவு, தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி, இவ்வளவுதான் உள்ளே இருந்தன. இன்றுவரை அந்தப் படகைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதற்கு முன்பு, 2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து 157 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். அவர்களை நடுக்கடலில் மறித்த ஆஸ்திரேலிய சுங்கத்துறைக் கப்பல், ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்துவைத்திருந்தது. பிறகு நவுரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். 2013 ஜூலை 19-க்குப் பிறகு விசா இல்லாமல் படகில் வரும் யாருக்கும் ஆஸ்திரேலியாவில் குடியமரும் உரிமை கிடையாது என்பது அந்த நாட்டின் கொள்கை. ஆட்சி மாறியும் அது மாறவில்லை.

கனடாவுக்குப் படகு போகும் என்று சொல்கிறவர்கள், 2009-லும் 2010-லும் போன இரண்டு கப்பல்களைக் காட்டித்தான் ஆசை காட்டுவார்கள். உண்மைதான், 2009 அக்டோபரில் ஓஷன் லேடி கப்பலில் 76 பேரும், 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேரும் பிரிட்டிஷ் கொலம்பியா கரையைத் தொட்டார்கள். அவர்களும் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் இருந்தார்கள், பலருடைய வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதற்குப் பின் கனடாவுக்கென்று கிளம்பிய படகுகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பாருங்கள். 2021 அக்டோபரில் ஒரு படகு இந்தியப் பெருங்கடலில் தத்தளித்தது. அதிலிருந்த 89 தமிழர்களையும் டியகோ கார்சியா ராணுவத் தீவில் கூடாரங்களில் வைத்தார்கள். பெரும்பாலோர் 2024 டிசம்பரில்தான் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றமே சொன்னது, ஆனால் மூன்று ஆண்டுகள் போனது போனதுதான். 2022 நவம்பரில் 303 பேரோடு மூழ்கவிருந்த கப்பலை ஒரு ஜப்பானியக் கப்பல் கண்டு, எல்லோரையும் வியட்நாமில் கொண்டுபோய் இறக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் கொல்லத்தில் தங்கும் விடுதியிலேயே இலங்கைத் தமிழர்கள் பிடிபட்டார்கள். அவர்கள் கடலைக்கூடப் பார்க்கவில்லை.

இந்தோனேசியா வரை போய்விட்டால் அங்கிருந்து ஐ.நா. பார்த்துக்கொள்ளும் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. 2014 ஜூலை 1-க்குப் பிறகு இந்தோனேசியாவில் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் பதிந்தவர்களை மீள்குடியமர்த்துவதில்லை என்று ஆஸ்திரேலியா முடிவெடுத்துவிட்டது. அந்த வழியும் அடைபட்டுத்தான் இருக்கிறது. இன்னொன்று: முகாம் கணக்கெடுப்பில் ஆள் இல்லையென்றால் பதிவிலிருந்து பெயர் போகும். படகு பாதியில் திரும்பினாலும் தம்பி மறுபடி முகாமுக்குள் கால்வைப்பது பெரும்பாடாகிவிடும்.

இனி முதல் கேள்வி. தஞ்சம் கேட்கப் போவதற்கான விசா என்று தூதரகங்களில் பொதுவாக ஒரு விண்ணப்பப் படிவம் கிடையாது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை, தன் மண்ணுக்கு வந்துவிட்ட அகதியை ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. அகதி வந்துசேர உதவ வேண்டும் என்று எந்த அரசையும் அது கட்டாயப்படுத்தவில்லை. ஆக, தஞ்சம் கேட்க அந்த நாட்டில் கால் பதித்தாக வேண்டும். கால் பதிக்க விசா வேண்டும். தஞ்சம் கேட்கப் போகிறேன் என்று சொன்னால் விசா தரமாட்டார்கள். விசா இல்லாத பயணியை ஏற்றிப்போனால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். பிரிட்டனில் அது ஓர் ஆளுக்கு 2,000 பவுண்டு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் நிற்கும் பெண் உங்கள் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குக் காரணம் இந்த அபராதம்தான். அந்த நாட்டின் எல்லைச் சோதனை அந்தக் கவுண்டரிலேயே தொடங்கிவிடுகிறது.

முன்பு ஒரு விதிவிலக்கு இருந்தது. சுவிட்சர்லாந்து தன் தூதரகங்களிலேயே தஞ்ச விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தது. போர்க்காலத்தில் கொழும்புத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதி அப்படிப் போனவர்கள் நம் மக்களில் உண்டு. அந்தக் கதையைக் கேட்டுத்தான் இன்றும் முகாம்களில் 'சுவிஸ் எம்பசிக்கு ஒரு கடிதம் போட்டால் போதும்' என்கிறார்கள். 2012 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். மனிதாபிமான விசா என்று ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது. உயிருக்கு நேரடியான, உடனடியான ஆபத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. ஏற்கெனவே வேறொரு நாட்டில் பாதுகாப்பாக இருப்பவர், அதாவது இந்தியாவிலுள்ள நீங்கள், பொதுவாக அதற்குள் வரமாட்டீர்கள். தஞ்சம் கேட்க விசா தரவில்லை என்று பெல்ஜியத்தை ஒரு சிரியக் குடும்பம் நீதிமன்றத்துக்கு இழுத்துப் பார்த்தது. தஞ்சம் கேட்க வருவதற்காக விசா கொடுத்தாக வேண்டிய கட்டாயம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உறுப்பு நாடுகளுக்கு இல்லை என்று 2017 மார்ச்சில் ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஐ.நா. அகதிகள் ஆணையம் வழியாக மீள்குடியமர்வு என்பதைப் பற்றியும் தவறான நம்பிக்கை நிறைய. அதற்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. சித்திரவதைக்கு உள்ளானவர்கள், துணையின்றி ஆபத்திலிருக்கும் பெண்கள், குழந்தைகள், இங்கே கிடைக்காத சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் என்று சில வகையினரை ஆணையமே தெரிந்தெடுத்து நாடுகளிடம் பரிந்துரைக்கும். உலக அகதிகளில் ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அந்த இடம் கிடைப்பதில்லை. இந்தியாவிலுள்ள இலங்கைத் தமிழரை நேரடியாக அரசே பராமரிப்பதால், மியான்மர், ஆப்கான் அகதிகளைப் போல ஆணையம் நம்மைப் பதிந்து அகதி அட்டை கொடுப்பதில்லை. நம் விஷயத்தில் அதன் சென்னை அலுவலகத்தின் முக்கிய வேலை, இலங்கை திரும்புகிறவர்கள் சொந்த விருப்பத்தில்தான் போகிறார்களா என்று பார்த்து உதவுவது. ஆணையத்தின் எந்தச் சேவைக்கும் கட்டணம் இல்லை. 'யு.என். கார்டு வாங்கித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

அமெரிக்காவின் கதவு இப்போது ஏறக்குறைய மூடியிருக்கிறது. 2025 ஜனவரி 20-ல் அகதிகள் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள், 2026 நிதியாண்டுக்கு வைத்த உச்சவரம்பு 7,500 பேர். பிரிட்டனில் அகதி நிலை பெற்றவர் தன் துணையையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் வழியில் 2025 செப்டம்பர் 4 முதல் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவைத்தார்கள்.

மாமாவின் கேள்விக்கு வருவோம். கனடாவின் குடும்ப வகுப்பில் ஒருவர் ஸ்பான்சர் செய்யக்கூடியவர்கள் துணை, சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி ஆகியோர்தான். மருமகளை, அதாவது உடன்பிறந்தாளின் மகளை, அழைக்க அந்த வகுப்பில் பொதுவாக இடமில்லை. ஆனால் கனடாவில் தனியார் அகதி ஸ்பான்சர்ஷிப் என்று வேறொரு ஏற்பாடு உண்டு. நம் மக்களுக்குக் கொஞ்சமாவது பொருந்துகிற வழி அதுதான். ஐந்து பேர் சேர்ந்த குழுவாகச் செய்யலாம். அல்லது கனடா அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட சர்ச்சுகளும் சமூக அமைப்புகளும் செய்யலாம். வந்து இறங்கியவரின் சாப்பாடு, வாடகை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் வழக்கமாக முதல் 12 மாதம் ஸ்பான்சர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐவர் குழு வழியில் நமக்கு ஒரு பெரிய முட்டுக்கட்டை இருக்கிறது. ஐ.நா. ஆணையமோ ஒரு நாட்டின் அரசோ உங்களை அகதி என்று அங்கீகரித்த ஆவணம் கேட்கிறார்கள். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதி என்ற சட்ட நிலையை இங்கே யாருக்கும் கொடுப்பதில்லை. முகாம் பதிவு அட்டை மறுவாழ்வுத் துறையின் பதிவு, அவ்வளவுதான். அதை அங்கீகார ஆவணமாக ஏற்கவைப்பது கடினம். போதாக்குறைக்கு, ஐவர் குழு விண்ணப்பங்களை வாங்குவதையே 2024 நவம்பர் இறுதியில் கனடா நிறுத்திவிட்டது. மறுபடி திறந்திருக்கிறார்களா என்பதை மாமா கனடாவின் குடிவரவுத் துறைத் தளத்தில் பார்க்கட்டும், தெரிந்தவர் சொன்னார் என்பதை நம்ப வேண்டாம். ஒப்பந்த அமைப்புகள் வழியாகப் போனால் அந்த அங்கீகார ஆவணம் கட்டாயமில்லை. ஆகவே மாமா தேட வேண்டியது அப்படிப்பட்ட ஓர் அமைப்பை. அவற்றுக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு உண்டு, வரிசை நீளம்.

விண்ணப்பம் உள்ளே போனபிறகு நேர்காணல் வரும். அங்கேதான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதிகாரி கேட்பது இரண்டு. இன்று நீங்கள் ஏன் இலங்கைக்குப் போய் வாழ முடியாது? இந்தியாவிலேயே நிரந்தரமாக ஏன் இருக்க முடியாது? இரண்டாவதற்கு விடை தெளிவானது: முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் குடியுரிமை இல்லை, நிரந்தர வதிவிட உரிமை இல்லை, வெளியூர் போய்த் தங்க அனுமதி கேட்க வேண்டும். இதற்கான காகிதங்களை வைத்து நிரூபியுங்கள். முதல் கேள்விதான் கடினம். 1990-ல் உங்கள் பெற்றோர் ஏன் ஓடிவந்தார்கள் என்பது அவர்களுடைய கதை. 2009-ல் போர் முடிந்துவிட்டது. நீங்கள் பார்த்தே இராத அந்த நாட்டில், இன்றைக்கு, உங்களுக்கு என்ன அச்சம் என்று கேட்பார்கள். வீடு இடிந்துவிட்டது, காணியில் வேறு யாரோ இருக்கிறார்கள், அங்கே போனால் வேலை இல்லை என்று பதில் சொல்கிறார்கள். அவை உண்மையான துயரங்கள். ஆனால் உடன்படிக்கை கேட்பது இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகப் பிரிவு ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்தை. குடும்பத்தில் யாராவது இயக்கத்தில் இருந்தார்களா, காணாமல் ஆக்கப்பட்டார்களா, திரும்பிப்போன உறவினரை யாராவது விசாரித்தார்களா என்று அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள். இருப்பதைச் சொல்லுங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள். கனடாவில் பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு எந்த விண்ணப்பமும் போட முடியாது, பிரிட்டனில் அது பத்து ஆண்டு வரை போகும்.

படிவத்தில் குடும்ப உறுப்பினர் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் வீணாகச் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். 'கல்யாணம் ஆகவில்லை என்று போட்டால் சீக்கிரம் கிடைக்கும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு மனைவியையோ குழந்தையையோ மறைத்துவிடுவார்கள். கனடாச் சட்டத்தில், குடியேறும்போது அறிவிக்காத துணையையும் பிள்ளையையும் பிறகு குடும்ப வகுப்பில் அழைக்கும் உரிமை போய்விடும். எல்லோரையும் உள்ளபடி அறிவித்துவிட்டால், உடன் வராதவர்களையும் நீங்கள் போய்ச் சேர்ந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்து அழைக்க வழி இருக்கிறது. இதோடு இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லுங்கள்: ஸ்பான்சர் செய்வதற்காக அகதியிடம் பணம் வாங்குவது கனடாவின் விதிப்படி கூடாது. ஸ்பான்சர் கடிதத்துக்கு இத்தனை லட்சம் என்று விலை சொல்பவர் மோசடிக்காரர்.

ஆஸ்திரேலியாவில் ஓர் ஆண்டுக்கு 20,000 மனிதாபிமான இடங்கள் இருக்கின்றன. அங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஒருவர் முன்மொழிந்தால் 202 என்ற விசா உபவகுப்பில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கு 842, முன்மொழிவுக்கு 681 என்று படிவ எண்கள். உங்களுக்கு அங்கே யாரும் இல்லை என்பதால் இதை நீட்டவில்லை. இருந்தாலும் மிக நெருங்கிய குடும்பத்தினருக்கே முன்னுரிமை, பெரும்பாலான விண்ணப்பங்கள் இடமில்லை என்ற பதிலோடு திரும்புகின்றன.

நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறு. உங்கள் கையில் நர்சிங் படிப்பு இருக்கிறது. பாறசாலையில் உங்களோடு டியூட்டி பார்த்த மலையாளிப் பெண் போன அதே வேலை விசா வழி உங்களுக்கும் சட்டப்படி திறந்திருக்கிறது. அகதி என்பதால் சாதாரண வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசின் அமைப்பு நோர்க்கா, நர்ஸ்களை அனுப்ப ஜெர்மனியுடன் சேர்ந்து நடத்தும் டிரிப்பிள் வின் திட்டம் கேரளத்தவருக்கானது, அதில் உங்களுக்கு இடம் இருக்காது. ஆனால் ஜெர்மனியோ இங்கிலாந்தோ நர்ஸ்களை அந்த ஒரு வழியாக மட்டும் எடுப்பதில்லை. ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலை வரை படிக்க வேண்டும். இங்கிலாந்துக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, பிறகு அவர்களுடைய நர்சிங் கவுன்சிலின் கணினித் தேர்வு. 2025 ஜூலையில் இங்கிலாந்து பராமரிப்பு உதவியாளர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதை நிறுத்தியது, பதிவுபெற்ற நர்ஸ்களை நிறுத்தவில்லை. ஸ்பான்சர்ஷிப் சான்றுக்கான கட்டணத்தை வேலை கொடுக்கும் நிறுவனம்தான் கட்ட வேண்டும். திறமையுள்ள அகதிகளை வேலைக்கு எடுக்கும் முன்னோட்டத் திட்டம் ஒன்றைக் கனடா 2018-ல் தொடங்கியது, பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பின்தொடர்ந்தன. அவற்றிலும் சிறு எண்ணிக்கையினரே போனார்கள், கனடாவில் அகதி அங்கீகார ஆவணமும் கேட்டார்கள். சாதாரண வேலை விசாவில் அந்தத் தொல்லையே இல்லை.

பிறகு ஏன் முகாமில் படித்த நர்ஸ்கள் அப்படிப் போகவில்லை? பாஸ்போர்ட் இல்லை. அவர்களில் பலருக்கு அதை வாங்கத் தேவையான முதல் காகிதமே சரியாக இல்லை. ஆகவே விசாவைப் பற்றி யோசிக்கும் முன் பெட்டியைத் திறந்து காகிதங்களைத் தரையில் பரப்புங்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் ஒரு கட்டைச் சொல்கிறேன். அப்பாவின் இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் பெயர் செல்வராசா. மண்டபம் முகாமில் இறங்கிய அன்று பதிந்தவர் செல்வராஜா என்று எழுதியிருக்கிறார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் செல்வராஜ். பள்ளிச் சான்றிதழில் அது எஸ். என்ற ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கிவிட்டது. அம்மாவின் வயது முகாம் அட்டையில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. வீட்டில் எல்லோருக்கும் அவர் செல்வராசா என்பது தெரியும். விசா அதிகாரிக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். இதைச் சரிசெய்யாமல் எந்த விண்ணப்பம் போட்டாலும் பணம் வீண். இலங்கைப் பத்திரத்தில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி பதிவாளரே திருத்தலாம். நம் எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரசவ வலி எடுத்ததும் பக்கத்தில் இருக்கிறதென்று பாறசாலைக்கோ நெய்யாற்றின்கரைக்கோ ஓடியிருப்பார்கள். அப்போது பிறப்பு கேரளத்து உள்ளாட்சியில்தான் பதிவாகியிருக்கும். குழித்துறையில் தேடினால் கிடைக்காது. முகாமில் பிறந்ததாகப் பள்ளியில் எழுதிவிட்டிருந்தால் அதுவும் முரண்படும்.

உங்கள் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்புப் பத்திரங்கள், அவர்களுடைய திருமணப் பதிவு, முகாம் பதிவு அட்டை ஆகியவற்றோடு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் உங்கள் பிறப்பையும் குடியுரிமையையும் பதிய வேண்டும். பெற்றோரின் பத்திரங்கள் போரில் தொலைந்திருந்தால் மன்னாரில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து அனுப்பலாம். இதற்கெல்லாம் முகாம் அலுவலகத்தில் அனுமதி பெற்றுச் சென்னை போய்வர வேண்டும், ஒரே தடவையில் முடியாது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தப் பதிவு வேலையில் பல குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது, அவர்களை அணுகுங்கள். குடியுரிமைப் பதிவு முடிந்த பிறகுதான் பாஸ்போர்ட்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இலங்கை பாஸ்போர்ட் வாங்குவது, அந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களே ஏற்றுக்கொண்டதாக ஒரு தஞ்ச அதிகாரி வாதிட இடம் கொடுக்கும். அரசுக்கு அஞ்சுகிறேன் என்பவர் அதே அரசிடம் ஏன் போனார் என்று கேட்பார். வேலை விசா வழியில் போகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. மாமாவின் ஸ்பான்சர்ஷிப் வழியில் போவதாக இருந்தால் பாஸ்போர்ட் இல்லாமலும் பயணம் செய்ய முடியும். கனடாவே ஒருவழிப் பயண ஆவணம் கொடுக்கும், செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவும் அப்படிக் கொடுப்பதுண்டு. ஆகவே எந்த வழி என்று முதலில் தீர்மானியுங்கள். இரண்டு தோணியிலும் கால் வைத்தால் ஒரு விண்ணப்பம் இன்னொன்றைக் கெடுக்கும். என்னைக் கேட்டால், உங்கள் படிப்புக்கும் வயதுக்கும் வேலை விசாவே சரி. தம்பிக்கு வேண்டுமானால் ஸ்பான்சர்ஷிப் பற்றி மாமா யோசிக்கட்டும்.

வெளிநாட்டு விசா கையில் வந்த பிறகும் ஒரு வாசல் பாக்கி இருக்கும். உங்கள் புதிய பாஸ்போர்ட்டில் இந்தியாவுக்குள் வந்த முத்திரை இருக்காது, இங்கேயே பிறந்தவருக்கு எங்கிருந்து வரும்? ஆனால் குடியேற்ற அதிகாரி அதைத்தான் தேடுவார். வெளியேற்ற அனுமதி இல்லாமல் விமானம் ஏற முடியாது. முகாம் அதிகாரி, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மறுவாழ்வுத் துறை, முகாம்களைக் கண்காணிக்கும் க்யூ பிரிவு போலீஸ், வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் என்று கோப்பு பல மேஜைகளைத் தாண்ட வேண்டும். உங்கள் மீது வழக்கு எதுவும் இல்லை என்ற அறிக்கை இதில் மிக முக்கியம். தம்பி படகு விவகாரத்தில் மாட்டினால் உங்கள் கோப்பும் மேஜையில் தங்கிவிடலாம் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். டிக்கெட்டை இந்த அனுமதி கைக்கு வந்தபிறகு எடுங்கள். விசா காலாவதித் தேதியை வைத்துக்கொண்டு அனுமதிக்கு அலைந்தவர்கள் பலர். 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. உங்கள் பெற்றோர் அதில் வருகிறார்கள். அந்த ஆணையின் நகலைக் கோப்போடு வையுங்கள்.

இந்தியக் குடியுரிமை கிடைத்தால் இந்த அலைச்சல் எல்லாம் இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான ஏக்கம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் வரை போராடி, இந்திய பாஸ்போர்ட்டும் வாங்கி, 2024-ல் வாக்கும் அளித்தார். நீங்கள் 1997-ல் பிறந்தவர், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருந்தால்தான் உங்களுக்கு அந்த உரிமை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. உங்கள் முகாமில் மலையக வம்சாவளிக் குடும்பங்கள், அதாவது இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள், இருந்தால் அவர்கள் நிலை வேறு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின் அடிப்படையில் அவர்களுக்கு வாதிட இடமுண்டு. அவர்களைத் தனியாக வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, தம்பி கொடுத்த முன்பணம். ரசீது இருக்காது என்று தெரியும். பணம் ஜிபேயில் போயிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. கையில் கொடுத்திருந்தால், எந்தத் தேதி, எந்த இடம், கூட யார் இருந்தார்கள் என்பதை இன்றே எழுதிவையுங்கள். அந்த ஆள் அனுப்பிய குரல் பதிவுகளையும் செய்திகளையும் தம்பி அழித்துவிடக் கூடாது. கொடுத்த அட்டை நகல்களையும் போட்டோக்களையும் திருப்பிக் கேளுங்கள், அவற்றை வைத்து வேறு பெயரில் சிம் வாங்குவார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏமாற்றுதலைத் தண்டிக்கிறது. படகில் ஏறாதவன், பணத்தை இழந்தவன் என்ற நிலையில் தம்பி இப்போது புகார்தாரர். படகில் ஏறிப் பிடிபட்டால் அந்த நிலை மாறிவிடும். புகார் கொடுத்தால் முகாமில் நம்மையே சந்தேகப்படுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அது வீண் பயம் இல்லை. அதனால் தனியாகப் போக வேண்டாம். பெண் என்ற முறையில் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு, குடியுரிமை அதற்குத் தடையில்லை. நீதிமன்ற வளாகத்திலுள்ள தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, அங்கிருந்து ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். போகும்போது தம்பியைக் கூட்டிக்கொண்டு, முகாம் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.